சத்தம் வராத கேமரா

கல்யாணத்துக்குப் படமெடுக்கக் கூப்பிட வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் தேதியைச் சொல்வதில்லை. "மிரர்லெஸ்தானே வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். கேமராவுக்குள் கண்ணாடி எங்கே இருந்தது, இப்போது ஏன் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து எனக்குப் பரீட்சை வைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவருக்கு வராது. தர்மபுரியில் நாங்கள் இருவரும் நடத்தும் ஸ்டுடியோவில் பொறுமை முழுவதும் அவர் பங்கு. "இன்னும் கொஞ்ச வருசத்துல கண்ணாடி வச்ச உன் டிஎஸ்எல்ஆர் இருக்காது. புது மாடலே வர்றதில்ல. ரிப்பேருன்னா யாருகிட்ட தூக்கிட்டுப் போவ?" என்பார். அவர் சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் அதே நினைப்பு, சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. என் கேமராவில் என்ன குறை என்று என்னையே கேட்டுக்கொண்டு ஒரு மாதம் எரிச்சலோடு திரிந்தேன். கடைசியில் அவரே மிரர்லெஸ் ஒன்றை வாங்கி வந்து, அதை என் கையில்தான் கொடுத்தார்.

முதல் வேலை பாப்பாரப்பட்டியில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம். அங்கே பெண்கள் பக்கம் ஆண்கள் கேமராவோடு வரமாட்டார்கள். அதனால் ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். பல வருடமாக இதுதான் எங்கள் ஏற்பாடு. எனக்கென்று ஒரு வாக்கும் உண்டு. பெண்கள் பக்கம் எடுத்த படம் ஒன்றுகூட ஸ்டுடியோவுக்கு வராது. பந்தி முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றிப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு வருவேன். அந்த வாக்குக்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பெண்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. நான் கேமராவைத் தூக்கினால் முக்காட்டை இழுத்துவிட்டு, விறைப்பாக உட்காருவார்கள். உள்ளே கண்ணாடி எகிறி இறங்கும் அந்த 'கடக்' சத்தம் கேட்கும்வரை அசைய மாட்டார்கள். சத்தம் கேட்டதும் பெருமூச்சு விட்டு, விட்ட பேச்சைத் தொடருவார்கள்.

அன்று சத்தம் வரவில்லை. நான் அழுத்தினேன். விறைப்பாக இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். மறுபடி அழுத்தினேன், ஒன்றும் கேட்கவில்லை. பூட்டிக்கொண்டதோ என்று பயந்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பெண்ணின் அம்மாதான் முதலில் பொறுமை இழந்தார்.

"ஏம்மா, புது கேமரா மக்கர் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வீம்புக்கு இன்னும் நாலு தடவை அழுத்தினேன்.

பிறகு ஒரு மூலைக்குப் போய்ப் பார்த்தால், அத்தனையும் பதிவாகியிருந்தது. சத்தம் வராதபடி என் கணவர் வைத்துவிட்டிருக்கிறார். நிக்காஹ் ஓதும்போது தொந்தரவு இருக்காதாம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். திறந்த தலையும் திறந்த வாயுமாக, யாரும் எடுக்கவில்லை என்ற நிம்மதியில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தில் பெண்ணின் அம்மா மட்டும், கண்ணில் தண்ணீர் வர, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை.

நேராகப் பெண்ணின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அந்தப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டி, அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். பெண்ணின் அம்மா தன்னுடைய படம் வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதையுந்தாங்க?" என்றேன். "ஆமாம்மா." அழித்தேன். மிச்சப் படங்களோடு கார்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஊர் தாண்டியதும் ஒரு டீக்கடையில் என் கணவர் வண்டியை நிறுத்தினார். அப்படி ஒரு படம் போச்சே என்று நான் புலம்பியதைக் கேட்டவர் சாவகாசமாகச் சொன்னார். "எதுக்குக் கவலப்படற? உள்ள ரெண்டாவது கார்டு போட்டிருக்கேன். எல்லாமே அதுலயும் பதிஞ்சிருக்கும். பழைய கேமராவுல இந்த வசதி இல்லையே."

டீயைக் கீழே வைத்தேன். கேமராவைத் திறந்து பார்த்தேன். அந்தப் படம் இருந்தது.

"திருப்புங்க வண்டிய."

"பைத்தியமா? எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு சொல்லிட்டு வந்த. இப்பப் போய் இன்னொண்ணு இருக்குதுன்னா, இன்னும் எத்தன ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு கேக்க மாட்டாங்களா? வூட்டுக்குப் போய் அழிச்சுக்கலாம்."

வீட்டுக்குப் போனால் அழிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடமே சொன்னேன். அவர் வண்டியைத் திருப்பினார்.

பெண்ணின் அம்மா வாசலில் பந்திப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கணவர் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் அந்தம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு கார்டு இருப்பதைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"என்னோடதும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"வேற யார்து தெரியுது அதுல?"

"அந்தப் படத்துல நீங்க மட்டுந்தாங்க."

அவர் தன் கணவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அந்த மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவின் திரையைக் குனிந்து பார்த்தார். மனைவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"எதுக்கு இப்டிச் சிரிச்ச?"

"இந்தம்மாவுக்குப் போட்டோ எடுக்கத் தெரியலன்னு நெனச்சுச் சிரிச்சேன்."

"எங்கிட்ட ஒருநாளும் இப்டிச் சிரிச்சதில்லயே."

 பெண்ணின் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "அவரு பாத்துட்டாரும்மா. கார்டுல இருக்கறது மொத்தத்தையும் அழிச்சுடுங்க."

அந்த மனிதர் இன்னும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நான் நின்றேன். பிறகு அழித்தேன்.