சக்கரத்தின் முன்னால் வைத்த பழம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை எழுதும்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது, பட்டப்பகலில், சித்திரை வெயிலில்.

என் அண்ணன் ராணுவத்தில் லாரி ஓட்டினான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வடக்கே மலைப்பாதையில் பனி சரிந்து வண்டியோடு போனான், உடல் கிடைக்கவில்லை. இறந்துவிட்டதாகக் கடிதமே வந்துவிட்டது, அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. திதி கொடுக்க விடமாட்டார். ராத்திரி வெளிக்கேட்டுக்குத் தாழ் போட விடமாட்டார், பெரியவன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். கத்திக் கத்தி என் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம்.

சேலம் போகிற வழியில் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் சிலர் சின்னதாக ஒரு ராணுவ அருங்காட்சியகம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பனியைப் படத்திலாவது பார்த்தால் அப்பாவுக்கு உறைக்கும் என்று ஒரு நப்பாசை. மனைவி, மகள், அப்பா மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வெண்ணந்தூரிலிருந்து கிளம்பினேன்.

முற்றத்திலேயே நின்றது, அண்ணன் ஓட்டின அதே மாதிரிப் பச்சை லாரி. இன்ஜினைக் கழற்றிவிட்ட வெறும் கூடு. அசையாமலிருக்கப் பின்சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்துச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். டயர் டயராகத் தட்டிப் பார்த்துச் சுற்றி வந்தவர், சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்சக்கரத்தின் முன்னால் வைத்தார், ஒவ்வொரு நடைக்கும் வண்டியை எடுக்கும்போது ஏற்றி நசுக்குவதற்கு வைப்பாரே, அதே மாதிரி.

"நிக்கற வண்டிக்கு எதுக்குங்கப்பா? மானம் போகுது."

"நீ உள்ள போ சாமி. எடுக்கறவன் எடுப்பான்."

உள்ளே ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு அலைந்தேன். பனிமலைப் படங்கள், கிழிந்த கையுறை, ஒற்றை பூட்ஸ். பனிக்கடியில் போனவர்கள் திரும்புவதில்லை என்று அங்கிருந்த சிப்பாய் மெதுவாகவே சொன்னார். அப்பா ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார், பார்வை மட்டும் ஜன்னல் வழியாக முற்றத்தில்.

வெளியே வந்தால் பழம் நசுங்கிக் கிடக்கிறது. யாரோ மிதித்திருப்பார்கள், விடுங்கள் என்றாள் மனைவி. எந்தச் செருப்பு டயரின் வரிகளைத் தோலில் பதிக்கும்? அன்று எங்களைத் தவிர ஆளே வரவில்லை என்றார் காவலாளி. குனிந்து பார்த்தேன், சிமெண்டில் ஒரு கீறல் இல்லை.

அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"கெளம்பீட்டான் சாமி. இனி யாருக்குத் திதி?"

முடித்துவைக்க அழைத்துப் போய், நானே மறுபடி தொடங்கிவைத்தேன். ஆத்திரத்தில் அந்தத் தோலை விட்டெறியலாம் என்று எடுத்தேன். செருப்பைத் தாண்டிக் கால் சுடுகிற வெயில். தோல் பனிக்கட்டியாய் இருந்தது. கட்டைவிரலும் அடுத்த விரலும் அப்படியே மரத்துப்போயின.

அப்பாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் திதி என்ற பேச்சே எடுக்க முடியாது. ஆடி அமாவாசையும் சும்மா போனது. டாக்டர் விரலில் கோளாறே இல்லை என்கிறார். ஆனாலும் இருட்டினதும் அப்பாவைத் திட்டிக்கொண்டே தாழ் போட வெளிக்கேட்டு வரை போகிறேன், அந்த இரண்டு விரலுக்கும் தாழ்ப்பாள் மட்டும் பிடிபடுவதேயில்லை.