குடைத்துணிப் பையும் பலாப்பழமும்

நாமக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சௌந்திரம் ஆபரேட்டர். லாரிக்காரர்களுக்குப் பம்பாய்க்கும் நாக்பூருக்கும் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. எழுபத்தைந்தாம் வருடம் ஆடி மாதத்தில் முதன்முதலாகக் கொல்லிமலை ஏறினாள். கூட வேலை பார்த்த பூவாத்தாளும் அவள் கணவர் ராசப்பனும் துணைக்கு வந்தார்கள்.

மோகனூரில் கரும்பு போடும் வீட்டுப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்களா? ஜமக்காளம், தலையணை, பித்தளைத் தூக்கு நிறையப் புளிச்சோறு, ஊறுகாய் ஜாடி, போதாததற்குச் சுக்கு இடிக்க ஓர் இரும்பு உரல். காரவள்ளி அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கியவள், பாதி மலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பூவாத்தா, என்னைய இங்கயே உட்டுட்டுப் போங்க. வாரப்ப எடுத்துக்கலாம்.”

ராசப்பன் அவள் மூட்டையைப் பிரித்து உரலை வெளியே எடுத்தார். “ஏனுங்க, மலையில கல்லே கிடைக்காதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

மூவரும் சிரித்த சிரிப்பில் மேலே ஏற இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போயிற்று. அங்கேயே புளிச்சோற்றைக் காலி செய்தார்கள். ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்ததும், தலையணை, ஜமக்காளம், உரல் எல்லாவற்றையும் ஒரு மலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள் சௌந்திரம். திரும்பி இறங்கும்போது தோளில் ஒன்றுமே இல்லை. கைகள் தாமாக வீசின. வளைவுக்கு வளைவு ஓட்டமும் குதிப்புமாக இறங்கினாள். மூச்சு வாங்க அடிவாரத்துக்கு வந்து நின்றபோது, தனக்கு இப்படியொரு உடம்பு இருந்ததே இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று பிடித்தது கிறுக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு மலைப் பயணத்துக்கு முன்னாலும் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த ஆண்டியின் தராசில் அவளுடைய சாமான்கள் ஏறின. பல்பொடி காகிதப் பொட்டலத்துக்கு மாறியது. சோப்பைப் பாதியாக அறுத்தாள். சீப்பை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைப் பூவாத்தாளுக்கே கொடுத்தாள். நூல் சேலை நனைந்தால் கனக்கும் என்று நைலக்ஸ் சேலைக்கு மாறினாள். மாற்றுச் சேலை ஒன்றுதான், அதுவே போர்வை, அதுவே துவட்டும் துணி. சோற்றுக்குப் பதில் அவலும் வெல்லமும்.

“பருப்பு வாங்குறவங்க காத்துக்கிட்டு நிக்கறாங்கம்மா,” என்று ஆண்டி அலுத்துக்கொள்வார்.

“இருங்கண்ணா, இந்த ஊக்கை மட்டும் எடுத்துட்டுப் போட்டுப் பாக்கறேன்.”

எல்லாம் குறைந்த பிறகு பை மட்டும் மிச்சமிருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கனம். எழுபத்தெட்டில் சேந்தமங்கலம் ரோட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் தங்கசாமியிடம் போனாள். ஊரிலேயே உறுதியான தையல் அவருடையதுதான். அவரும் பெருமையாகத் தார்ப்பாயிலேயே ஒரு பை தைத்து நீட்டினார். தூக்கிப் பார்த்தவள் அப்படியே கீழே வைத்தாள்.

“இதுல மலையவே கட்டிக் கொண்டாரலாமுங்க. எனக்குக் காத்தாட்டம் வேணும்.”

தங்கசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பழைய நைலான் குடைகளைப் பிரித்து, முக்கோணம் முக்கோணமாக இருந்த கறுப்புத் துணியை ஒட்டுப்போட்டு ஒரு பை தைத்தார். மடித்தால் சட்டைப் பையில் அடங்கியது. விரித்தால் வௌவால் மாதிரி இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சௌந்திரம் பட்டறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“தையல் தாங்குதான்னு நானும் வந்து பாக்கோணுமுங்க,” என்றார் தங்கசாமி, தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயைப் பார்த்தபடி.

அந்த ஆடியில் பூவாத்தாளோடும் ராசப்பனோடும் காரவள்ளியில் இறங்கியபோது, அங்கே வந்து நின்ற தங்கசாமியைப் பார்த்துச் சௌந்திரத்துக்கு வயிறு எரிந்தது. கையில் ஒன்றுமில்லை. தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

“உங்க மூட்டை எங்கீங்க?”

“துண்டு இருக்குதுங்களே.”

மூன்று வருடமாகப் பாடுபட்டவளை ஒரே துண்டால் தோற்கடித்துவிட்டார்! ஆனால் மலை பாதி ஏறியதும் மழை கொட்டியது. நனைந்த வேட்டி காலைச் சுற்றிக்கொள்ள, பல் தந்தியடிக்க நின்றார் தங்கசாமி. சௌந்திரம் பையிலிருந்த கிளிப்பச்சை நைலக்ஸை எடுத்து நீட்டினாள்.

“கட்டிக்குங்க. வேற வழியில்லீங்க.”

மீசையும் கிளிப்பச்சைச் சேலையுமாக அவர் மேலே வந்து சேர்ந்தபோது, மிளகுக்கொடி படர்ந்த வேலியோரம் நின்றிருந்த சென்னம்மாள் என்ற மலைக்காரப் பெண் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் அழைத்து, அடுப்பைப் பெரிதாக மூட்டி, வேட்டியைக் காயவைத்துக் கொடுத்தாள். புறப்படும்போது ஒரு பெரிய பலாப்பழத்தைச் சௌந்திரத்தின் கையில் வைத்தாள்.

“சாமி, இத்தனை சிரிச்சு வருசமாச்சு. கொண்டுக்கிட்டுப் போ.”

எப்படி மறுப்பது? ஊக்கின் கனம் பார்த்தவள் பலாப்பழத்தைச் சுமந்து இறங்கினாள். குடைத்துணிப் பை தொங்கித் தொங்கி ஆடியதே தவிர ஒரு தையல்கூடப் பிரியவில்லை. பின்னாலேயே வந்துகொண்டிருந்த தங்கசாமி தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“பழத்தைக் கேக்காதீங்க.”

“பழமில்லீங்க. இனி நீங்க போற மலைக்கெல்லாம் நானும் வாரேனுங்க. ஊட்ல பேசட்டுங்களா?”

சௌந்திரம் நின்றாள். காது மடல் சூடாயிற்று.

“மாத்துத்துணி எடுத்துக்கிட்டு வருவீங்களா?”

“வருவேனுங்க.”

“எத்தனை?”

“ஒண்ணே ஒண்ணுங்க.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கால் வழுக்கி உட்கார்ந்தாள். பையிலிருந்து பலாப்பழம் துள்ளி விழுந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த ராசப்பனையும் பூவாத்தாளையும் தாண்டி உருண்டு, ஒரு பாறையில் மோதிப் பிளந்தது. “ஐயோ, பழம்!” என்று கத்திக்கொண்டு தங்கசாமி ஓடினார். எழுந்திருக்க முடியாமல் சௌந்திரம் அங்கேயே கிடந்து சிரித்தாள். பிறகு நால்வரும் பாதையோரம் வட்டமாக உட்கார்ந்து, கையெல்லாம் பிசுபிசுக்கச் சுளைகளைத் தின்று தீர்த்தார்கள்.

“எக்ஸ்சேஞ்சு உத்தியோகக்காரிக்குத் தார்ப்பாய் தைக்கறவனா?” என்று அவள் அப்பா சில மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஒருநாள் பட்டறைக்கே நேரில் போய், தையலை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். தையில் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆடியில் டார்ச் லைட் வேண்டுமா வேண்டாமா என்று புது மாப்பிள்ளையும் பெண்ணும் காரவள்ளியில் தொடங்கிய சண்டை முடிவதற்குள், பூவாத்தாளும் ராசப்பனும் மலையுச்சிக்குப் போய் காபி குடித்து முடித்திருந்தார்கள்.