முதுகில் விழுந்த கை

பேத்தியின் முதுகில் அந்தக் கையை முதலில் கண்டவள் என் மனுசி. காலைப் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிவிட்டு நான் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தபோது, அவள் பிள்ளையை மடியில் குப்புறப் போட்டபடி விறாந்தையில் இருந்தாள். பக்கத்தில் மருமகள் நின்றாள். இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

"இஞ்ச வந்து பாருங்கோ," என்றாள் மனுசி.

பிள்ளையின் முதுகு சிவப்பாகத் தடித்திருந்தது. நுளம்பு கடித்திருக்கும் என்று நினைத்துக் குனிந்தேன். நாலு விரலும் ஒரு பெருவிரலும் விரித்து அழுத்திய மாதிரி இருந்தது அது. பெரிய கை. ஆம்பிளைக் கை. நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்க இருக்க, விரல்கள் முதலிலும் உள்ளங்கை பிறகுமாக மங்கி, கடைசியில் வெறும் தோல்தான் மிஞ்சியது.

என்னைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சண்டை முடிந்து முகாமிலிருந்து ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பியபோது என் காணி பற்றைக்காடாகக் கிடந்தது. இன்னும் கன்று போடாத ஒரேயொரு நாகு மாட்டோடு தொடங்கினேன். இன்று பட்டியில் எத்தனை நிற்கின்றன என்று கேட்காதேயுங்கள், கண்படும். தண்ணீர் கலந்திருக்கோ என்று என் பாலில் மீற்றர் விட்டுப் பார்த்த நிலையத்துப் பெடியள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. படித்த உத்தியோகத்தர்கள்கூடக் கறவை மாடு வாங்க முன்னர் என் படலையைத் தட்டுவார்கள். பெருமைதான். வேர்வை சிந்தியவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

அப்படிப்பட்டவனின் பேத்திக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் முடிந்து பிள்ளைக்குச் சோறு தீத்தத் தொடங்கிய நேரம் அது. மகன் கட்டாரில். மருமகள் முல்லைத்தீவுக் கரைப் பக்கத்துப் பிள்ளை. வேதக்காரக் குடும்பம், தகப்பனுக்குக் கடற்றொழில். அவள் அரிசிக் கஞ்சி, பூசணிக்காய், மீன் அவித்த சாறு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் நல்லபடி இறங்கியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ர மாட்டுத் தயிர் படாத வாய் இந்த வீட்டில இருக்கேலாது" என்று சொல்லி, என் கையாலேயே சோற்றில் பிசைந்து தீத்தினேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதடு குளவி கொட்டியது போல வீங்கியது. கண்கள் மூடிப் போயின. தின்றதையெல்லாம் சத்தி எடுத்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் சின்ன வயதுப் பொம்பிளைப் பிள்ளை. "ஐயா, பசுப்பால்தான் ஒத்துக்கொள்ளேல்லைப் போல கிடக்கு. சோதிச்சு நிச்சயமாத் தெரியும்வரைக்கும் பால், தயிர், நெய், பால்மா ஒண்டும் வேண்டாம். தாயும் குடிக்கக் கூடாது. அடுத்த முறை மூச்சை அடைச்சாலும் அடைக்கும்," என்றாள்.

"என்ர பால் சுத்தமான பால், பிள்ளை."

"சுத்தமான பாலெண்டாலும்தான், ஐயா."

பாலை நிறுத்தினோம். மருமகள் தேத்தண்ணியை வெறும் சாயமாகக் குடித்தாள். குசினியில் பிள்ளைக்கு வேறு சட்டி, வேறு கரண்டி. அதற்குப் பிறகுதான் அந்தக் கை வந்தது.

விடியக் காலையிலும் பொழுது சாய்கிற மைமலிலும் வரும். வெயில் காலம் என்பதால் பிள்ளைக்கு மேலுக்குச் சட்டை போடுவதில்லை. ஒருநாள் முதுகில், ஒருநாள் இடுப்பைச் சுற்றிப் பிடித்த மாதிரி. ஒருநாள் கன்னத்தில், யாரோ கொஞ்சிவிட்டுப் போனது போல வட்டமாக. நான் நிற்கும்போது ஒருநாளும் வரவில்லை. பால் கானோடு நான் படலையைத் தாண்டிய பிறகுதான் வரும்.

"என்னைக் கண்டா அதுக்குப் பயம்," என்றேன். "நான் நிக்கேக்க வரட்டும், பாப்பம்."

மனுசி சிரிக்கவில்லை. "அது உங்களுக்குப் பயப்பிடேல்லை. தன்ர பிள்ளையைத் தேடி வருது," என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டிலுக்குத் தூண் நடக் கிடங்கு வெட்டியபோது, மண்ணுக்குள் ஒரு பால்போத்தல் வந்தது. பிள்ளைகள் குடிக்கிற போத்தல். சூப்பி கறுத்து, உள்ளே மண் இறுகிப் போயிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மண்ணைக் கிளறினால் என்னென்னவோ வரும். யாரும் நின்று பார்ப்பதில்லை. நானும் அதை அதே கிடங்கில் போட்டுத் தூணை நட்டேன். அந்தத் தூணில்தான் இன்றைக்கும் கன்றுகளைக் கட்டுகிறேன். அந்தப் போத்தலில் குடித்த பிள்ளையின் தகப்பன்தான் வருகிறான் என்பது மனுசியின் எண்ணம்.

மருமகளுக்கு வேறு சந்தேகம். தடிப்புக் குறையாததைச் சொன்னபோது, வீட்டில் யாரும் ஒளித்துப் பால் கொடுக்கிறார்களா என்று டொக்டர் அவளிடம் கேட்டிருந்தாள்.

"மாமி, ஒரு சொட்டெண்டாலும் நாக்கில வைச்சனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"நான் ஏனடி வைக்கிறன்? எனக்கென்ன விசரோ? உன்ர அம்மா வந்து நிண்ட நேரம் என்னத்தைத் தீத்தினாவோ!"

"எங்கட அம்மாக்கு மீனைத் தவிர ஒண்டும் தெரியாது. மாட்டைக் கண்டா வேலிக்கு அங்கால நிக்கிற மனுசி."

"அதுதான் பேத்திக்கும் மாடு பிடிக்கேல்லை," என்றேன் நான். அந்த நேரத்தில் அது பகிடியாகப் படவில்லை. மருமகள் உள்ளே போய்ப் பிள்ளையின் தலையணைக்குக் கீழே செபமாலையை வைத்தாள். இன்னும் ஒரு முறை அந்தக் கை விழுந்தால் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அடுத்த நாள் மைமலில் அது கழுத்தடியில் விழுந்தது. அன்று பிள்ளையின் மூச்சு இலேசாக விசிலடித்தது.

நான் பயந்தது அப்போதுதான். சண்டைக்குள்ளால் நடந்து வந்தவன் நான். எதிரே நிற்பதோடு முட்டத் தெரியும். கண்ணில் படாமல் வந்து என் பேத்தியின் மூச்சைப் பிடிக்கிறதோடு எப்படி முட்டுவது?

காட்டோரத்தில் ஒரு ஐயனார் கோயில் இருக்கிறது. பெரிய பாலை மரம், அதன் அடியில் கல், ஒரு தகரக் கொட்டகை. அங்கே பூசாரி கண்ணூறுக்கும் பேய்க்கும் பார்வை பார்ப்பார். "ஒருக்கா மட்டும், அதுக்குப் பிறகு நீ எங்க போறதெண்டாலும் போ," என்று மருமகளிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சிய முதல் ஆள் அவள்தான். விடியக் கறந்த கையோடு, நல்ல பாலில் ஒரு செம்பை நானே தூக்கிக்கொண்டு, நாலு பேரும் ஆட்டோவில் போனோம். பிள்ளை தாயின் மடியில் நித்திரை.

மரத்துக்குக் கீழே காற்று இல்லை. குரங்குகள் நிறைந்த மரம் அது. அன்றைக்கு ஒரு குரங்கும் சத்தம் போடவில்லை. பூசாரி கல்லுக்குப் பாலை வார்த்தார். மிச்சப் பாலில் வேப்பிலைக் கொத்தைத் தோய்த்துப் பிள்ளைக்கு மேல் மூன்று முறை தெளித்தார். பிள்ளை திடுக்கிட்டு முழித்து அழுதது. பிறகு அழுகை நின்றது. கன்னத்திலும் நெஞ்சிலும் கையிலும் சிவப்புப் பொட்டுகள் எழும்பின. யாரோ உள்ளேயிருந்து விரல் நுனியால் தள்ளுவது போல ஒவ்வொன்றாக வந்தன.

"வெளிக்கிடுது! வெளிக்கிடுது!" என்று பூசாரி கத்தினார். "விடாதேங்கோ, இன்னும் தெளிக்க வேணும்!"

மனுசி கை கூப்பினாள். மருமகள் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். நான் மட்டும் பிள்ளையைப் பார்த்தேன். மாட்டின் தோலைப் பார்த்தே வருத்தம் சொல்கிறவன் நான். எங்கே துளி விழுந்ததோ அங்கே பொட்டு. துளி விழாத இடம் சுத்தமாக இருந்தது. உதட்டில் ஒரு துளி மினுங்கியது; உதடு வீங்கத் தொடங்கியது.

"நிப்பாட்டடா!" என்று பூசாரியின் கையைத் தட்டிவிட்டேன். செம்பு கவிழ்ந்து பால் என் கையெல்லாம் வழிந்தது. சால்வையைப் போத்தல் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் முகத்தைத் துடைத்து, தாயிடமிருந்து பறித்து நானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழி நெடுக அந்த மூச்சின் விசிலைக் கேட்டபடி போனேன். அது நின்றுவிடுமோ என்று பயந்தேன். கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் பிள்ளையின் தொடையில் ஊசி போட்டாள். மூக்குக்கு முன்னால் புகை மாதிரி மருந்து பிடித்தார்கள். மெல்ல மெல்ல விசில் குறைந்தது. பிள்ளை இருமி, பிறகு வாய்விட்டு அழுதது. அந்த அழுகையைப் போல ஒரு மேளத்தை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்தபோது முதுகில் அந்தக் கை இருந்தது. இந்தக் கதையில் முதல் தடவையாக, நான் நிற்கும்போதே வந்திருந்தது.

மூன்று பொம்பிளைகளும் பார்த்திருக்க, நான் என் வலது கையைப் பிள்ளையின் தோலில் தொடாமல் அதற்கு மேலாகப் பிடித்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது.

டொக்டர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில், ரேகைகளில், காய்ந்த பால் வெள்ளையாக இருந்தது. "சில பிள்ளையளுக்கு ஒருக்கா ஒத்துக்கொள்ளாமப் போனா, பிறகு தோலில பட்டாலே காணும், ஐயா. கறந்த கையோடயோ தூக்கிறனீங்கள்?"

வேறு எப்படித் தூக்குவது? பாலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிற பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை. இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, கொட்டிலிலிருந்து நேரே வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவேன். பிறகு மனுசியிடம் கொடுத்துவிட்டுக் கானோடு போய்விடுவேன். தடிப்பு எழும்புவதற்கு முன்னரே நான் படலைக்கு வெளியே. கை மணத்தால்தான் மாடு என்னை அறியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

"மாமா, நீங்களோ!" என்றாள் மருமகள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. தாய்வீட்டுக்குப் போகவில்லை.

கொட்டிலுக்குப் பக்கத்தில் குளியலறை கட்டினேன். கறந்து முடிந்ததும் தலையோடு முழுகி, சாரம் மாற்றித்தான் வீட்டுப்படி ஏறுவேன். கை பிறகு வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் சோதித்துப் பால்தான் என்று நிச்சயமாகச் சொன்னார்கள். வளர வளரப் போகலாம், போகாமலும் விடலாமாம். அந்த ஊசியில் ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்திருக்கிறோம். மனுசி இன்னும் அந்தத் தூணடியில் மைமலில் ஒரு விளக்கு வைக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பிள்ளை இப்போது நடக்கிறது. நான் கொட்டிலிலிருந்து வெளியே வந்தால் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொள்ளும். அதே நான் முழுகிவிட்டு வந்தால் ஓடி வந்து காலைக் கட்டும். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது அதற்கு இன்னும் தெரியாது போல. நான் தூக்கியதும் என் தோளுக்கு மேலால் கொட்டில் பக்கம் எட்டிப் பார்க்கும். மற்றவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.