தணிகாசலம் எழுதிய நான்கு ஸ்டாண்டு ஒப்பந்தம்

தணிகாசலம் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஏழுமலை. முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர், இப்போது கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். “நம்ம தணிகாசலம் சார் பூட்டாரு சார். காப்பி குடிச்சிகினு இருந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாராம். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னுதான் போன் போட்டேன்” என்றார். உண்மைதான், வேறு யாரும் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் அரசியல் அறிவியல் துறையில் நானும் தணிகாசலமும் பல ஆண்டுகள் அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார்ந்திருந்தோம். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய ஐரோப்பாப் பித்தும் தெரிந்திருக்கும். பாஸ்போர்ட் கூட எடுக்காத மனிதர். ஆனால் எந்த நாட்டைத் தாக்கினால் எந்த நாடு உதவிக்கு வரவேண்டும் என்பதை வரி வரியாகச் சொல்வார்.

பால்டிக் நாடுகள் மூன்றும் பாதுகாப்புக் கூட்டணியில் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். “ரஷ்யாவுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன நாடுங்க சார். இனிமே நிம்மதியா தூங்கும்” என்றார். தூங்குமா என்று சும்மா கேட்டு வைத்தேன். “ரெண்டாவது பாதியைப் படிக்காத வரைக்கும் தூங்கும்” என்றார். அந்தக் கூட்டணியின் ஒப்பந்தத்தில் ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கொள்ளப்படும் என்பது முதல் பாதி. ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்பது அடுத்த பாதி. “சின்ன நாடு முதல் பாதியைப் படிக்குது, பெரிய நாடு ரெண்டாவது பாதியைப் படிக்குது. அதனாலதான் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க” என்பார்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் அதே தவறைச் செய்தார். அப்போது கேளம்பாக்கத்தில் கம்பெனி ஆட்களை ஏற்றும் ஒரு வேன் காண்ட்ராக்டர், ஷேர் ஆட்டோக்களை அந்த லைனிலிருந்தே விரட்டப் பார்த்தார். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கேளம்பாக்கம் என்று நான்கு ஸ்டாண்டு ஓட்டுநர்களும் தணிகாசலத்திடம் வந்து தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதித் தரக் கேட்டார்கள். ஒரு ஸ்டாண்டு வண்டியை அடித்தால் நான்கு ஸ்டாண்டையும் அடித்ததாகக் கொள்வோம் என்று எழுதினார். பௌர்ணமி கிரிவலத்தன்று ஓட்டத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று திருக்கழுக்குன்றத்தார் தயங்கினார்கள். சீசனில் முடியாது என்றார்கள் மாமல்லபுரத்தார். எல்லோருடைய கையெழுத்தும் விழவேண்டுமே என்று, ஒவ்வொரு ஸ்டாண்டும் தனக்குத் தேவையென்று தோன்றுவதைச் செய்யும் என ஒரு வரி சேர்த்தார். கையெழுத்து விழுந்தது.

மூன்றாம் மாதம் காண்ட்ராக்டரின் ஆட்கள் கேளம்பாக்கம் ஸ்டாண்டு ஏழுமலையை அடித்துக் கையை முறித்தார்கள். வண்டியின் கண்ணாடியும் போயிற்று. மாமல்லபுரத்திலிருந்து இருவர் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். திருக்கழுக்குன்றத்தார் கண்டன போஸ்டர் ஒட்டினார்கள். செங்கல்பட்டில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒரு வண்டி கூட கேளம்பாக்கத்துக்குப் போய் நிற்கவில்லை. தணிகாசலத்தோடு நானும் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். “யார் மேலயும் குத்தம் இல்ல சார். அல்லாரும் எழுதின மாதிரியேதான் நடந்துகினாங்க. என் வண்டிதான் லைன்ல இல்ல” என்றார் ஏழுமலை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போனார். “தப்பு உங்க மேல இல்ல, எழுதினவன் மேல. இப்ப திருத்தணும்” என்று சொல்லி, யார் எத்தனை வண்டியோடு எவ்வளவு நேரத்தில் வந்து நிற்பார்கள் என்று பெயர் போட்டு எழுதி வாங்கினார். பௌர்ணமியன்று திருக்கழுக்குன்றம் வராது என்பதையும் மறைக்காமல் எழுதினார். “வராதவன் வரமாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டா, அடி வாங்குறவன் வேற வழி பார்ப்பான்” என்றார். அடுத்த முறை தகராறு வந்தபோது சொன்னபடி வண்டிகள் வந்து நின்றன. காண்ட்ராக்டரின் ஆட்கள் போய்விட்டார்கள். ஆனால் கை சரியாகச் சேராத ஏழுமலை அதற்கு முன்பே வண்டியை விற்றிருந்தார்.

தணிகாசலம் அந்தத் தவறைக் கடைசிவரை தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டார். அது முழு உண்மை அல்ல. முதல் ஒப்பந்தத்தை எழுதியதும் என்னிடம்தான் படிக்கக் கொடுத்தார். அந்த வரியில் என் கண் நின்றது. ஐரோப்பாக்காரனின் ஓட்டையைக் கேளம்பாக்கத்துக்குக் கொண்டு வருகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கூடக் கொண்டேன். எனக்கென்ன என்று ஓரத்தில் பென்சிலால் ‘சரி’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

ஏழுமலையைப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம் அந்தத் தாளை என் மேஜையில் வைத்தார். “நீங்க படிச்சீங்க இல்ல சார்?” என்று மட்டும் கேட்டார். வெட்கத்தோடு அதை எடுத்து என் மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, யாரிடமும் என் பெயரைச் சொல்லவும் இல்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். அந்த ஓட்டையைப் பார்த்தும் நான் சும்மா இருந்தது ஏழுமலைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குப் போன் போட்டிருப்பாரா என்று தெரியவில்லை. இந்த அஞ்சலியை அச்சுக்கு அனுப்பும் முன் கேளம்பாக்கம் போய் அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.