நாற்பது நாள் நிறுத்திய மாத்திரை

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த ஒரு காலையில் முகம் கழுவப் போன என் வீட்டுக்காரர், சொம்பைப் போட்டுவிட்டு வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பட்டதும் காய்ச்சிய கம்பியைச் சொருகியதுபோல் இருந்ததாம். ஒரு நிமிஷம்கூட இல்லை. பிறகு ஒன்றும் நடக்காதவர்போல் எழுந்து வந்து இட்லி கேட்டார். நான் நடிப்பு என்றே நினைத்தேன். தண்ணீர் எடுத்து வரச் சொன்னால் அவருக்கு எங்கேயாவது வலிப்பது வழக்கம்தான்.

அவர் பெயர் அந்தோணிசாமி. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கோயிலுக்கு உபதேசியார் (சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துபவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருபவர்). சாவு வீட்டில் அவர் ஜெபத்தைத் தொடங்கினால் அழுகிறவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். அந்தக் குரலுக்காகத்தான் ஊர் அவரை மதித்தது. நானும் அதற்காகத்தான் அவரோடு குப்பை கொட்டினேன் என்று சொல்லலாம். அந்தக் குரல் போய்விடுமோ என்பதுதான் இந்த நோயில் எனக்கு இருந்த பயம்.

இதே நோய் உள்ளவரை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

முதலில் பல்வலி என்று திண்டிவனத்துக்குப் போனோம். பல்லில் குறை எதுவும் தெரியவில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் பல் மருத்துவர். இவர்தான் கையைப் பிடித்துக் கெஞ்சி இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டார். வலி அப்படியே இருந்தது. மல்லாட்டை (வேர்க்கடலை) மெல்ல முடியாது. சவரம் செய்ய முடியாது. பேருந்தில் சன்னல் காற்று பட்டால்கூட முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். துண்டைக் கன்னத்தோடு சுற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கு நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போனார்.

அந்த மருத்துவர்தான் நோயின் பெயரைச் சொன்னார்: முப்பிரிவு நரம்பு வலி (முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு போகும் நரம்பில் வரும் வலி). கார்பமசெபின் (வலிப்பு நோய்க்கும் கொடுக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் இவர் துண்டை அவிழ்த்தார். அடுத்த ஞாயிறு கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அந்த மருத்துவமனை நடையில் வளவனூர்க்காரப் பெண் ஒருத்தி பழக்கமானாள். அவளுக்கு வலி இல்லை, பாதி முகம் தானாகத் துடிக்கும், கண் மூடிக்கொள்ளும். சந்தையில் கண்ணடிக்கிறாள் என்று பேச்சு வாங்கியவள். சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டுலினம் ஊசி (துடிக்கும் தசையைத் தளர்த்தி வைப்பது) போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். முக நோய் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்து, அந்த ஊசியை இவருக்கும் கேட்டேன். இவருடைய நோய் வேறு, மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள் என்றார் மருத்துவர்.

இரண்டு வருஷம் விடவில்லை. மூன்றாம் வருஷம் தவக்காலம் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு) வந்தது. ஒவ்வொரு தவக்காலத்திலும் இவர் எதையாவது விட்டுவிடுவார். கறியை, மீனை, வெற்றிலையை, ஒரு வருஷம் டீயைக்கூட விட்டு எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். நோன்பு தொடங்கும் சாம்பல் புதனன்று, இந்த வருஷம் எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எல்லாத்தையும் வுட்டாச்சு. மாத்திரை ஒண்ணுதான் பாக்கி, அதையும் வுட்டுடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாட்கள் போகப் போகச் சாப்பாடு குறைந்தது. உபவாசம் என்றார். பேச்சு குறைந்தது. மௌனம் என்றார். தவக்காலத்தில் ஓர் உபதேசியார் இப்படி இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை நடத்தினார். ஆண்டவர் உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையில் வாய் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது முகம் மேலே இழுத்துக்கொண்டது, கண்ணில் நீர் கொட்டியது. ஆண்டவர் பாடுகளை நினைத்து உருகுகிறார் என்று பெண்கள் சேர்ந்து அழுதார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. அது பக்தி இல்லை, வலி.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் இருந்தன.

"இன்னாத்துக்கு இப்படிப் பண்ணீங்க?"

"நீதான சொன்ன மேரி. எனக்கும் அதான் சரின்னு பட்டுது. ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துக்கினு இருந்தேன்."

மறுநாளே மாத்திரையைத் தொடங்கினோம். ஆனால் பழைய அளவுக்கு வலி கேட்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். நடை தள்ளாடியது, பிறந்ததிலிருந்து சொல்லி வந்த ஜெபம் பாதியில் மறந்து போனது. நிறுத்தியதால்தான் இப்படி ஆயிற்றா என்று மருத்துவரைக் கேட்டேன். இந்த நோய் தானாகவும் முற்றும், அந்த நாற்பது நாளால்தான் என்று சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

கடைசியில் சென்னையில், ஊசி வழியாக நரம்பைச் சூடுபடுத்திக் கருக்கும் சிகிச்சை செய்தார்கள். கன்னம் மரத்துப்போகும் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். வலி நின்றது. வலது உதடும் கன்னமும் அவருடையவை இல்லை என்று ஆகிவிட்டன. கூழ் வடிந்தால் தெரியாது, நான் துடைத்தாலும் தெரியாது. உதடு சேர வேண்டிய எழுத்துகள் எல்லாம் குழைந்தன. பிள்ளைகள் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். பங்குச் சாமியார் பக்குவமாகப் பேசி வாசகத்தை வேறொருவரிடம் கொடுத்தார். இவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

போகட்டும், வலியாவது இல்லையே என்றிருந்தோம். ஒன்றரை வருஷம் கழித்து அந்த மரத்த கன்னத்துக்குள்ளேயே எரிச்சல் தொடங்கியது. முன்பு வலி வந்து போகும். இது போகாது. தொட்டால் உணர்வில்லாத இடம் இரவும் பகலும் எரிகிறது. உணர்வு நரம்பு கெட்டால் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும், மருந்துகள் ஓரளவுக்குத்தான் கேட்கும் என்றார்கள். எந்த மாத்திரையும் இன்றுவரை அதை முழுதாக அணைக்கவில்லை.

உங்கள் வீட்டு நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா என்று கண்ணால் பாருங்கள். கேலி பேசாதீர்கள். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

இப்போது சாயங்காலம் வீட்டில் நாங்கள் இருவரும்தான் ஜெபமாலை சொல்கிறோம். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை நான் சத்தமாகச் சொல்வேன். மறு பாதி அவருடையது, அதை மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டு விரலால் பாயைத் தட்டுவார். அதுவரை நான் காத்திருப்பேன். போன வாரம் வெகுநேரம் விரல் அசையவில்லை.

"ஜெபம் சொல்றீங்களா, வலிக்குதா?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியல மேரி" என்றார்.

இப்போதெல்லாம் என் பொழுது அவர் தட்டுவதற்குக் காத்திருக்கும் அந்தப் பாதியில்தான் போகிறது. ஜெபமாலை மணியை விரலில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஜெபத்தில் இருக்கிறாரா, வலியில் இருக்கிறாரா என்று தெரியாமல் அடுத்ததைத் தொடங்க எனக்குத் தைரியம் வருவதில்லை.