மூக்குக்காரரும் பதினோராம் இதழும்

முதலில் மோந்து பார்ப்பார். எந்த வருடம், எத்தனை பக்கம், என்ன விலை போகும் என்பதெல்லாம் அப்புறம். பழைய காமிக்ஸ் புத்தகம் ஒன்றை யார் கொண்டுவந்து நீட்டினாலும் கைகளைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, நடுப்பக்கத்தை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, மூக்கை உள்ளே விடுவார். கண் மூடிக்கொள்ளும். கொண்டுவந்தவர் ‘இதென்னடா கூத்து’ என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

“பரண்ல இருந்திருக்கு. பக்கத்துல பூச்சி உருண்டை. ஒரு தடவை மழையில நனைஞ்சு, யாரோ வெயில்ல காயப் போட்டிருக்காங்க. சரியா?”

“ஆமாங்க! எங்க சித்தப்பா அந்தக் காலத்துல...” என்று வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் கை உயர்ந்துவிடும்.

“சித்தப்பா கதை இருக்கட்டும். அவசரப்படாதீங்க. முதல்ல ஆளைப் பார்ப்போம். ஆளு எங்கயும் ஓட மாட்டாரு.”

ஆள் என்றால் புத்தகம். மனிதர்களை அவர் ஆள் என்று சொல்லிக் கேட்டதில்லை. பழைய காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் நடுவில் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். “மூக்கு இருக்கிறவனைத்தானே சொல்றாங்க, இல்லாதவனையா சொல்றாங்க?” என்பார்.

வயிற்றுப்பாட்டுக்குக் கண்ணாடிக் கடை வேலை. சட்டத்துக்கேற்ப லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது, எள்ளு மாதிரி இருக்கும் திருகாணியை முறுக்குவது, மூக்கில் அழுந்துகிற கண்ணாடியை வளைத்துக் கொடுப்பது. வார நாட்களில் ஊராருடைய கண், ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய மூக்கு. விடுமுறையன்று காலையில் சாப்பிட்டதும் மாடியறைக்கு ஏறினால் இறங்குவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். பெட்டியும் பையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தாத்தா விட்டுப்போனது, வீடு மாற்றும்போது கிடைத்தது, பழைய பேப்பர் கடையில் பொறுக்கியது என்று விதவிதமாக வரும்.

புத்தகத்தின் நிலைமையைச் சொல்ல அவரிடம் ஒரு தனிக் கணக்கு உண்டு. அட்டை மொடமொடவென்று, மூலை மழுங்காமல், பின்னில் துரு ஏறாமல் இருந்தால் அது ‘மாப்பிள்ளை’. லேசாக மடிந்திருந்தாலும் கௌரவமாக இருந்தால் ‘சம்பந்தி’. அட்டை கிழிந்து பக்கமெல்லாம் முழுசாக இருந்தால் ‘ஒண்ணுவிட்ட சித்தப்பா’. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சபையில் காட்டமுடியாது. பக்கம் பழுப்பேறித் தொட்டால் உதிர்கிறதா, ‘படுத்த படுக்கை’. நடுப்பக்கம் காணாமல் போயிருந்தாலோ, குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பனைக் கத்தரித்திருந்தாலோ ஒரே வார்த்தைதான்: “போய்ச் சேர்ந்தாச்சு.” சொல்லிவிட்டு ஒரு வினாடி தலையைக் குனிந்துகொள்வார். நக்கல் இல்லை, நிஜமாகவே வருத்தம்.

இந்தக் கணக்கில் அவர் யாருக்கும் தாட்சண்யம் பார்த்ததில்லை. ஒருமுறை கண்ணாடிக் கடை முதலாளியே பெருமையாக ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். அட்டையின் மூலையில் கிழிந்த இடத்துக்குப் பின்னால் காகிதம் ஒட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் நீல வானத்தை நீட்டியிருந்தார்கள். முதலாளிக்கு அது தெரியாது. வேறு யாராவது என்றால் பல்லைக் காட்டிச் சமாளித்திருப்பார்கள். இவர் விளக்குக்கு நேரே பிடித்து, “இந்த வானம் பொய்ங்க முதலாளி” என்றார். முதலாளி ஒரு வாரம் உர்ரென்று இருந்தார். இவர் அசையவில்லை. “ஒரு தடவை பொய் சொல்லிட்டா அடுத்த தடவை மூக்கு வேலை செய்யாதுங்க” என்பது அவர் கட்சி. அதனால்தான் எதிரும் புதிருமான இரண்டு பேர் ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொண்டாலும் கடைசியில் இவர் மாடியில் வந்து நிற்கிறார்கள்.

மாடியறையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே இருக்கிற மின்விசிறி வீட்டிலேயே புதியது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. செருப்புக் கடைகளில் சொல்லிவைத்து வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, முதுகு வளையாமல் இருக்க உள்ளே ஓர் அட்டை. “புத்தகத்துக்குப் புது ஃபேன், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கடகடன்னு ஆடுற பழைய ஃபேன். நல்லா இருக்கு நியாயம்” என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

அந்த அம்மாளுக்கு அந்த அலமாரியைத் தொட உரிமை இல்லை. கல்யாணமான புதிதில் நடந்த விவகாரம் அது. பொழுது போகாமல் ஒரு புத்தகத்தை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, ஒரு பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். அவ்வளவுதான். இவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கழியோடு ஓடிவந்துவிட்டார், பாம்போ திருடனோ என்று. “எச்சில்! எச்சில் தொட்டுட்டா!” என்று இவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாராம். அன்றிலிருந்து அந்த அம்மாள் மாடிக்குக் காபி கொண்டுவந்தாலும் வாசற்படியோடு சரி. “அந்த அறைக்கு உள்ள டம்ளரை வெச்சா கப்பலே கவுந்துடும்” என்று டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போவார்.

கப்பல் என்று அவர் சொல்வது சும்மா இல்லை. மூக்குக்காரருடைய உயிர் ஒரு கப்பலில்தான் இருக்கிறது. ‘ஏழாவது படகு’ என்றொரு தொடர்கதை, சிறுவயதில் மாதம் ஓர் இதழாக வந்து நின்றுபோனது. மொத்தம் பன்னிரண்டு. பதினோராம் இதழ் மட்டும் இவருக்கு அன்றைக்கும் கிடைக்கவில்லை, என்றைக்கும் கிடைக்கவில்லை. மற்ற பதினொரு இதழும் மாப்பிள்ளைகளாக அலமாரியின் நடுத்தட்டில் நிற்கின்றன. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு வெறும் உறை, உள்ளே வெறும் அட்டை.

சேர்க்கிறவருக்கு வரிசையில் ஓட்டை இருந்தால் வலிக்கும், சரி. இவருக்கு வலி அது மட்டும் இல்லை. பத்தாம் இதழின் கடைசிப் படத்தில் படகுத் தலைவன் ஓர் இரும்புப் பெட்டியின் மூடியைத் தூக்குகிறான். இரண்டு கண்ணும் விரியத் திறந்திருக்கின்றன. பன்னிரண்டாம் இதழின் முதல் படத்தில் அவனுக்கு ஒரு கண்தான் இருக்கிறது. இன்னொன்றின் மேல் கறுப்புத் துணி. அதைப் பற்றி அந்த இதழில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. “கண்ணு எப்படிப் போச்சு?” என்று பையனாக இருந்தபோது பிடித்துக்கொண்ட கேள்வி, தலை நரைத்தும் மண்டையைக் குடைகிறது. கல்யாணமான முதல் வாரத்தில் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லி, “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டவர் இவர். அந்த அம்மாள் “தூக்கம் வருது” என்றாராம்.

ஆனால் மறக்கவில்லை. அதில்தான் வந்தது வினை.

அந்த அம்மாளுக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சான்றிதழ், அடையாள அட்டை, சுற்றறிக்கை எல்லாம் அவர் கையில்தான். எது முக்கியமோ அதை லேமினேஷன் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. வீட்டில் கல்யாணப் போட்டோ, இரண்டு பேருடைய படிப்புச் சான்றிதழ், மகளுடைய முதல் மதிப்பெண் பட்டியல், எல்லாமே பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் இருக்கின்றன. “தண்ணி பட்டாலும் துடைச்சுக்கலாம், பூச்சி அரிக்காது, காலத்துக்கும் இருக்கும்” என்பார். அவர் லேமினேஷன் செய்தார் என்றால் அந்தப் பொருள் மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று பொருள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடியில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்காரரிடமே புத்தகம் பார்க்கக் கற்றுக்கொண்டு, இப்போது அவருடைய கணக்கை அவரைவிடச் சத்தமாகச் சொல்லித் திரிகிற மனிதர். அந்த அம்மாள் படியேறி வந்தார். கையில் காபி இல்லை. அந்த எச்சில் விவகாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டி அறைக்குள் வந்தார். புடவைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துவைத்திருந்தார்.

“கண்ணை மூடுங்க.”

“என்னம்மா விளையாட்டு, டாக்டர் இருக்காரு...”

“அவரையும் மூடச் சொல்லுங்க.”

திறந்தபோது மேஜைமேல் ‘ஏழாவது படகு’, பதினோராம் இதழ். அட்டையில் படகுத் தலைவன், பின்னால் கறுத்த அலை. மூக்குக்காரருக்கு முகமெல்லாம் ரத்தம் பாய்ந்தது. வழக்கப்படி கையைச் சட்டையில் துடைத்தார். தொட்டார். அப்புறம்தான் தெரிந்தது.

ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக லேமினேஷன். பின்னைப் பிடுங்கி, நடுவில் வெட்டி, தாள் தாளாகப் பிரித்து, பிளாஸ்டிக்குக்குள் சுட்டு ஒட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, சுருள் கம்பி கோத்திருந்தது.

“எங்க ஆபீஸ்ல ரிடையர் ஆன அக்கா பீரோவைக் காலி பண்ணாங்க. டிராயர்ல அடியில அப்படியே இருந்துச்சு. நம்பரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு” என்றார் அந்த அம்மாள். மூச்சு வாங்கியது, சந்தோஷத்தில். “நானே உட்கார்ந்து பண்ணேன். ஒரு பக்கத்துல கூடக் காத்துக் குமிழி கிடையாது, பாருங்க.”

மூக்குக்காரர் புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனார். சூடு பட்ட பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது.

“முன்னாடி... எப்படி இருந்துச்சு?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“கடையில வாங்கின மாதிரி! ஒரு மடிப்பு இல்லைங்க.”

மாப்பிள்ளை. பேரண்டத்திலேயே மிஞ்சியிருந்த ஒரே மாப்பிள்ளையாகக்கூட இருக்கலாம். பிளாஸ்டிக்கை உரித்தால் படமும் கூடவே வந்துவிடும் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். மூன்றாமவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். “சொல்லுங்க, ஆளு எப்படி?”

முதலாளியிடம் தயங்காத வாய் தயங்கியது. அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர், “ஐயையோ, போய்ச் சேர்ந்தாச்சே!” என்று அலறிவிட்டார்.

அந்த அம்மாளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாதா என்ன? கீழே சமையலறையில் இருந்துகொண்டே எத்தனையோ ஞாயிறு கேட்டதுதானே? முகம் சின்னதாகிப்போனது. கணவரைப் பார்த்தார். அவர் தலை ஒரு வினாடி தானாகக் குனிந்ததையும் பார்த்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

“நான் வேணும்னு சொல்லலைங்க, வாயில வந்துடுச்சு” என்று டாக்டர் குழறினார்.

“ஊரார் வாயைத் திறந்து பார்க்கிறீங்களே, உங்க வாயைக் கொஞ்சம் மூடி வெச்சுக்கக் கூடாதா? கிளம்புங்க” என்றார் மூக்குக்காரர். யாரையும் அவர் அப்படி விரட்டியதில்லை.

கொஞ்ச நேரம் அலமாரி முன்னால் நின்றார். வெறும் உறையை எடுத்துப் பார்த்தார். சுருள் கம்பி போட்ட புத்தகம் அதற்குள் நுழையாது. அதை மறுபடி அங்கேயே வைத்துவிட்டு, சாயங்காலத்துக்கு வெகுநேரம் முன்பே கீழே இறங்கினார்.

அந்த அம்மாள் சாப்பாட்டு மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயத்தின் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது.

“மறைக்காம சொல்லுங்க. மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லுங்க.”

மூக்குக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “போய்ச் சேர்ந்தாச்சும்மா” என்றார்.

“அப்ப எடைக்குப் போட்டுடவா?”

“பிளாஸ்டிக் ஒட்டின பேப்பரை எடைக்குக்கூட எடுக்க மாட்டாங்க.”

அந்த அம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. மூக்குக்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு வெங்காயத் தோலுக்கு நடுவில் கிடந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். காபி டம்ளர் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதை நகர்த்தவில்லை. அட்டையைத் திறந்து முழுசாகப் பின்னால் மடித்தார். இரண்டு விரல் அகலத்துக்குமேல் எந்தப் புத்தகத்தையும் திறக்காத கை அது.

“‘பெட்டிக்குள் வெளிச்சம் தெரிந்தது’ன்னு போட்டிருக்கு” என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தார். படகுக்காரர்களுக்கெல்லாம் தனித்தனிக் குரல் கொடுத்தார். அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். பக்கத்தின் கடைசிப் படம் வந்தது. தலைவன் பெட்டிக்குள் குனிகிறான்.

“கண்ணு எப்படிப் போச்சு?” என்றார் அந்த அம்மாள், பொறுக்க முடியாமல்.

“அவசரப்படாதே. ஆளு எங்கயும் ஓட மாட்டாரு.”

பக்கத்தைத் திருப்பப் போனார். பிளாஸ்டிக் வழுக்கியது. மறுபடி முயன்றார், மறுபடி வழுக்கியது. மூக்குக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் தாராளமாகத் தொட்டு, பக்கத்தைப் புரட்டினார்.