வாசகசாலையின் நாலாவது படம்

எங்கள் வீட்டில் படமாக இருந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள். அப்பாவைப் பெற்ற தாத்தா, நான் பிறக்கும் முன்பே போய்விட்ட பெரிய அத்தை, அம்மாவின் மூத்த அண்ணன். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கண்ணாடியைத் துடைத்து, அவர்கள் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டுக்குள் நடமாடினார்கள், போனவர்கள் சுவரில் இருந்தார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகத் தெளிவாக விளங்கியிருந்தது.

எனக்கு விளங்கியதெல்லாம் எனக்குப் பயத்தையும் கொடுத்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சப்பான்காரன் வந்துவிட்டான் என்று நினைப்பேன். அம்மா அடுப்புப் பக்கம் குனிந்தால் முந்தானையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை, கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆகவே சொல்வதில் கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது உலகச் சண்டை நடந்த காலம். எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, கடையை ஒட்டிச் சும்மா கிடந்த ஓர் அறைக்கு வெள்ளையடித்து, பத்திரிகை படிக்க வாசகசாலை திறந்தார். வெறும் சுவர் அவர் கண்ணை உறுத்தியது. நான் பிறப்பதற்கு முன், எங்கள் தெருப் பையன்களின் சடுகுடு கட்சி திருச்செந்தூர் போய் ஆடி ஒரு வெள்ளிக் கப்பு வாங்கி வந்திருந்தது. அந்த ஆட்டக்காரர்களைப் படமாக மாட்டினால் தெருவின் பேர் நிற்கும் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். சுவரின் நீளத்துக்கு நாலு படம் பார்வையாக இருக்கும் என்று கண்ணாடி போட்ட சட்டங்கள் நாலையும் முதலில் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் படம் தேடினார்கள்.

மூன்றுதான் கிடைத்தன. மூன்று பேரும் இறந்தவர்கள். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் படம் பிடிக்கிறவரைக் கூப்பிட்டதே சாவு வீட்டுக்குத்தான். ஆகவே உயிரோடு இருந்த ஆட்டக்காரன் எவனுக்கும் படம் கிடையாது. செத்தவர்களைத்தான் மாட்ட வேண்டும் என்று அண்ணாச்சி விதி எதுவும் போடவில்லை. அந்த விதியை நானாகப் போட்டுக்கொண்டேன். அங்கேயும் வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நாலாவது சட்டம் காலியாக ஆணியில் தொங்கியது. எட்டிப் பார்த்தால் அதற்குள் பார்க்கிறவர் முகமே தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நடப்பேன்.

உயிரோடு இருக்கிற ஆட்டக்காரர்களில் யாரைப் புதிதாகப் படம் பிடித்து அந்தக் காலிச் சட்டத்துக்குள் வைப்பது என்பதுதான் தெருவின் பேச்சாக ஆயிற்று. சாயங்காலமானால் கடை முன்னால் ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்களின்மேல் உட்கார்ந்துகொண்டு வாதாடுவார்கள். அப்பா ஒரு கருப்பட்டி மண்டியில் எடை போடுகிற வேலை பார்த்தார். வேலை முடிந்து என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவார். அவருடைய வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். கொக்கி போல. நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

தையல்கார மாமாதான் வாதத்தைத் தொடங்குவார். "நெட்டையன விட்டா வேற யாரு வே? ஒரே பாட்டுல மூணு பேரத் தொட்டுட்டு, கோட்டுக்கு வந்து நின்னு சிரிச்சவம்லா."

"தொட்டான், இல்லங்கல," என்பார் சித்தப்பா. "கடைசி ஆட்டத்துல எங்கன இருந்தான்? மேல படுத்துக் கெடந்தான். அடியில கெடந்தது எங்க அண்ணன்."

"அடியில கெடந்தவன யாரு பாத்தா?"

"மண்ணு பாத்துது."

"அப்ப மண்ணக் கூட்டிட்டு வாரும், சாட்சி கேட்டுக்கிடுவோம்," என்பார் அண்ணாச்சி. எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தக் கடைசி ஆட்டத்தைப் பல வாயால் நான் கேட்டது அங்கேதான். எதிர்க்கட்சி ஆறுமுகநேரி உப்பளத்துக்காரர்கள். அவர்கள் தங்கள் பக்கம் ஆட, கீழவைப்பாரிலிருந்து சங்கு குளிக்கிற ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். கடலுக்கு அடியில் மூச்சை அடக்கிச் சங்கு பொறுக்குகிறவருக்குச் சடுகுடு பாடுவது ஒரு வேலையா? அவர் பாட்டு நின்று யாரும் கேட்டதில்லையாம். கடைசியாகப் பாடி வந்தவர் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, அப்பா பாய்ந்து அவர் கணுக்காலைப் பிடித்திருக்கிறார். அவர் அப்பாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். மற்றவர்கள் மேலே வந்து விழுந்தார்கள். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது முதல் தடவையாக அந்தப் பாட்டு நின்றது. எல்லோரும் எழுந்தபோது, குவியலின் உச்சியில் இருந்த நெட்டையரைக் கூட்டம் தோளில் தூக்கிக்கொண்டு போனது. அப்பா மண்ணில் தன் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

"விரலு அன்னைக்கு ஒடிஞ்சதுதான்," என்றார் சித்தப்பா.

நான் கையில் பிடித்திருந்த விரலைப் பார்த்தேன். அது பிறவியிலேயே அப்படி என்றும், நான் பிடித்துக்கொள்ள வாகாக அப்படி அமைந்தது என்றும் அதுவரை நினைத்திருந்தேன்.

"விரலு போனவனையெல்லாம் மாட்டணும்னா, ஊசி குத்துன விரலு எங்கிட்டயும் அஞ்சாறு இருக்கு. மாட்டுதியளா?" என்றார் தையல்கார மாமா.

இப்படியே பல சாயங்காலம் போயிற்று. தண்ணீர் சுமந்தவருக்காகவும் பேசினார்கள், களத்தில் கோடு கிழித்தவருக்காகவும் பேசினார்கள். தன் பேர் வரும்போதெல்லாம் அப்பா தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சிப்பத்து ஓலையை நகத்தால் கீறிக்கொண்டிருப்பார். அவருக்குக் கூச்சம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் நெட்டையரே கடைக்குப் புளி வாங்க வந்தார். அவரையே கேட்டார்கள். அவர் புளியை மோந்து பார்த்துக்கொண்டே, "நான் மேல விழுந்தேன், அவ்வளவுதான். அடியில ஒருத்தன் 'விட்றாதிய, விட்றாதிய'ன்னு மொனங்கிட்டே கெடந்தான். அவன் படத்த மாட்டுங்க," என்றார். அப்பாவின் படம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க வேண்டும்.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு சொல்லுவாவ. யாரு கண்டா," என்றாள். அவளுக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது தீர்ப்பு.

அப்பா வெள்ளைத் துணி எடுத்து, தன்னை எதிர்த்து வாதாடிய அதே தையல்கார மாமாவிடம் சட்டை தைக்கக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையை வாரி, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்றார். காலரைச் சரிசெய்தார். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஸ்டூடியோப் படி வரைக்கும் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"படத்துக்குள்ள போவாதிய, அப்பா."

அவர் என் முன்னால் குந்தினார். என்னவென்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: வீட்டுச் சுவர், வாசகசாலையின் மூன்று பேர், காலிச் சட்டம், சந்தனம், அம்மா சொன்னது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிக்குள் வைத்திருந்த யார் யாருடைய முகங்களையோ கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புதுச் சட்டையின் முனையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி, போகல," என்றார்.

என் விசும்பல் நிற்கட்டும் என்று கடற்கரைக்குக் கூட்டிப் போனார். சங்கு குளிக்கும் பருவம். வள்ளங்கள் கரை ஒதுங்கியிருந்தன. மணலில் சங்கைக் கொட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, முதலில் அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"விரலு இன்னும் நேராவலயே," என்றார்.

"உம்ம கணுக்காலு எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

அந்தக் கீழவைப்பார்க்காரர் அவர்தான். இரண்டு பேரும் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். நான் சிப்பி பொறுக்கினேன். நடுவில் அவர் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பாவின் சட்டையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சிப்பத்தின்மேல் உட்கார்ந்து அப்பா முதல் தடவையாக வாதத்தில் வாயைத் திறந்தார். "என் படம் வேண்டாம். அந்தச் சங்கு குளிக்கிறவரு படத்த மாட்டுங்க."

"கிறுக்கா புடிச்சிருக்கு உமக்கு? தோத்த கட்சிக்காரன் படத்தக் கொண்டாந்து நம்ம சுவத்துலயா?" என்றார் தையல்கார மாமா. சித்தப்பா கோபத்தில் எழுந்தே போய்விட்டார்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "அவரு லேசான ஆளா இருந்தா நாம ஜெயிச்சதுக்கு என்ன பேரு, அண்ணாச்சி? அந்த மூச்சு நின்னதுக்குத்தான நமக்குக் கப்பு குடுத்தான். அந்த மாதிரி மூச்சு இந்தக் கரையில யாருக்கு இருக்கு, சொல்லுங்க. எதிர்ல நின்னு ஆடுனாங்கறதுக்காக அவரு இல்லாமப் போயிருவாரா?"

அண்ணாச்சி தராசைத் துடைத்தார், அவருக்கு யோசனை வந்தால் அதுதான் செய்வார். பிறகு, "நியாயந்தான் வே," என்றார்.

"அப்ப நான் தச்ச சட்ட?" என்றார் தையல்கார மாமா.

"அவரே போட்டுக்கிடட்டும்," என்றார் அப்பா.

எனக்கு ஒரு கவலை போய் இன்னொன்று வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது, "அப்ப அவரு செத்துப் போவாரே," என்றேன்.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவுக வேதக்காரவுக, மாதா கோயிலுக்குப் போறவுக. படத்துக்குப் பொட்டு வைக்க மாட்டாவ. ஏளா, பொட்டு வச்சாத்தான பயம்."

அது எனக்குச் சரியாகப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு நானும் போனேன். அப்பா தவறிப்போய்ப் படத்துக்குள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே. கீழவைப்பார்க்காரர் அப்பாவின் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்தார். மார்பில் பித்தான் எட்டவில்லை. படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அசையக் கூடாது என்றார். இவருடைய வலது கால் நடுங்க ஆரம்பித்தது. துணிக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. கால் நின்றது. பெட்டி தயாரானதும் மறுபடியும் நடுங்கியது.

"நிக்க மாட்டங்குது," என்றார் அவர் பாவமாக. "யாராவது புடிச்சுக்கிட்டாத்தான் நிக்கும்." அப்பாவைப் பார்த்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் போய், படத்தில் எதுவரை விழும் என்று படம் பிடிக்கிறவரிடம் கேட்டு, அந்த எல்லைக்கு வெளியே அப்பாவைத் தரையில் உட்காரவைத்தேன். அவர் கையை மட்டும் நீட்டி, அந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கால் அப்படியே நின்றது.

படம் வந்தது. ஒரு வாட்டசாட்டமான ஆள், இறுகிய வெள்ளைச் சட்டை. கீழ் மூலையில், எங்கிருந்தோ வந்து அவர் கணுக்காலைச் சுற்றியிருக்கும் ஒரு கை. அதன் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"கை அசிங்கமா இருக்கு, அத மறச்சுச் சட்டம் போடுவோம்," என்றார் அண்ணாச்சி.

படம் பார்க்க வந்திருந்த கீழவைப்பார்க்காரர் குறுக்கிட்டார். "அந்தக் கை இல்லாட்டி நான் கோட்டத் தொட்டிருப்பேன் அண்ணாச்சி. அத மறச்சிட்டு என்னைய எதுக்கு மாட்டுதிய?"

கையோடுதான் மாட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் வாசகசாலையில் போய் நின்று, நாலாவது படத்துக்கு யாரும் சந்தனம் வைத்துவிடாமல் காவல் காத்தேன். கை மட்டும் தனியாகச் சாகுமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை நாள் தவறாமல் மண்டியில் எடைக்கல் தூக்கியது, என்னையும் தெருவில் நடத்திக் கூட்டிப்போனது. பத்திரிகை படிக்க வருகிற வெளியூர்க்காரர்கள், இது யார் என்று கேட்பார்கள். அடுத்ததாக, அது யார் கை என்பார்கள். அண்ணாச்சி முழுக் கதையையும் சொல்வார். கடையில் அவர் இல்லாவிட்டால் தையல்கார மாமா சொல்வார், தான்தான் முதலிலிருந்தே அந்தக் கைக்காக வாதாடியதாகவும் சேர்த்துக்கொள்வார். அப்பா தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். அவர் காது மட்டும் உள்ளே இருந்ததை நான் அந்த வயதில் கவனித்ததில்லை.

அப்பா கிழவராகித்தான் போனார். அதன் பிறகும் யாரும் அவரைப் படம் பிடிக்கவில்லை. வாசகசாலை மூடியபோது அந்தப் படத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் வீட்டுச் சுவரில், என் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு கீழவைப்பார்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைத் துடைக்கும்போது என் கை அந்தக் கீழ் மூலைக்கு வந்து நிற்கும்.

சுறா உலவுகிற ஆழத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிதானமாகச் சங்கு பொறுக்கியவர், துணி போர்த்திய ஒரு பெட்டிக்கு முன்னால் கால் நடுங்கினார் என்பதை நான் அன்று அப்படியே நம்பினேன். அந்தக் கால் எந்தக் கைக்காக நடுங்கியது என்று யோசிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. யாருக்கும் எதற்கும் பயம் வரும் என்பது ஒன்றுதான் எனக்கு அந்த வயதில் தெரிந்திருந்தது.